துடுப்புப் பிடித்த 24 பெண்கள்

“பளுவைத் தூக்காதே! குழந்தையை அந்தக் கையால் எடுக்காதே! தரையைத் தேய்த்துக் கழுவாதே! படகு வலிக்காதே!”

மார்பகப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு டாக்டர்கள் நெடுங்காலம் சொல்லி வந்த புத்திமதி இது. ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கைக்குக் கடினமான வேலை கொடுக்கக்கூடாது என்றார்கள். கொடுத்தால் கை வீங்கிவிடும் என்றார்கள்.

பெண்கள் பயந்தார்கள். பயப்படாமல் என்ன செய்வது? நோயோடு போராடி, கத்திக்கும் மருந்துக்கும் தப்பி வந்தவர்கள் அவர்கள். இனிமேல் ஒரு கையும் போக வேண்டுமா?

ஆனால் அந்தப் புத்திமதி சரிதானா? 1996-ம் ஆண்டில் கனடா நாட்டில் ஒரு டாக்டரும் 24 பெண்களும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சோதித்தார்கள்!

கை ஏன் வீங்குகிறது?

நம் உடலில் ரத்தம் ஓடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ரத்தத்தோடு இன்னொரு நீரும் உடல் முழுவதும் ஓடுகிறது. அதற்கு நிணநீர் என்று பெயர். மெல்லிய குழாய்களின் வழியாக அது ஓடும். வழியில் ஆங்காங்கே சிறு சிறு கணுக்கள் இருக்கின்றன. அவை கிருமிகளைப் பிடித்து நிறுத்தும் காவல் நிலையங்கள்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்கிறது அல்லவா? அப்படி வீங்குவது இந்தக் கணுதான்.

மார்பகத்தில் தோன்றும் புற்றுநோய் பரவும்போது, பெரும்பாலும் அக்குளில் இருக்கும் கணுக்களுக்குத்தான் முதலில் போகிறது. ஆகையால் ஆபரேஷன் செய்யும்போது அந்தக் கணுக்களையும் டாக்டர்கள் எடுக்கிறார்கள்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கையிலிருந்து திரும்பி வர வேண்டிய நீருக்கு வழி குறைந்துவிடுகிறது. வடிகால் அடைபட்டால் வயலில் தண்ணீர் தேங்குவது போல, நீர் கையிலேயே தேங்குகிறது. கை கனக்கிறது. விரல் தடிக்கிறது. வளையல் இறுகுகிறது. ரவிக்கையின் கை பிடிக்கிறது.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. அக்குள் கணுக்களைப் பெருவாரியாக எடுத்துவிட்டால், 100 பேரில் சுமார் 20 பேருக்கு வீக்கம் வருகிறது. இப்போது பல பெண்களுக்கு முதல் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அவற்றில் நோய் இல்லை என்றால் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தவர்களில் 100-க்கு 5 அல்லது 6 பேருக்குத்தான் வீக்கம் வருகிறது.

ஆனால் ஒரு முறை வந்துவிட்டால், அடியோடு போக்குவது கடினம். கட்டுக்குள் வைத்திருக்கலாம். அவ்வளவுதான். அதனால்தான் அத்தனை பயம்!

பழைய ஆபரேஷன்

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய டாக்டர் இருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு அவர் செய்த ஆபரேஷனின் விவரம் 1894-ல் வெளிவந்தது. மார்பகத்தையும், அதன் அடியில் உள்ள தசையையும், அக்குளில் உள்ள கணுக்களையும் அவர் ஒன்றாக வெட்டி எடுத்தார். வேறு வழி தெரியாத காலம் அது. உலகம் முழுவதும் டாக்டர்கள் அவரைப் பின்பற்றினார்கள்.

பெரிய ஆபரேஷன்! ஆகவே பெரிய தொல்லைகளும் வந்தன. பலருக்குக் கை வீங்கியது. தோளைத் தூக்க முடியவில்லை.

பிறகு காலம் மாறியது. அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு பிஷர் என்பவர் 1971-ல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார். தசையை வெட்டாமல் விட்டாலும் நோயாளிகள் அதே அளவுக்கு உயிர் வாழ்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. ஆபரேஷன் வரவரச் சிறிதாகிக்கொண்டே வந்தது.

ஆபரேஷன் சிறிதாயிற்று. பயம் மட்டும் சிறிதாகவில்லை!

“கை கடுமையாக வேலை செய்தால் அதற்கு ரத்தம் அதிகமாகப் பாயும். ரத்தம் அதிகமானால் நிணநீரும் அதிகமாகும். வழியில்லாமல் தேங்கி வீங்கும்.” இதுதான் டாக்டர்கள் சொன்ன காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையா என்று யாரும் சரியாகச் சோதித்துப் பார்த்ததில்லை.

டாக்டரின் சந்தேகம்

கனடாவின் மேற்குக் கடற்கரையில் வான்கூவர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டான் மெக்கன்சி என்ற டாக்டர் இருந்தார். அவர் விளையாட்டு வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். உடற்பயிற்சி உடம்பை என்ன செய்யும் என்று ஆராய்ந்தவர்.

அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

ரத்தத்தை இறைக்க இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனியாக ஓர் இதயம் கிடையாது. தசைகள் சுருங்கி விரியும்போதுதான் அது நன்றாக மேலே ஏறுகிறது. அப்படியானால் கையை அசைப்பது நல்லதா, அசைக்காமல் இருப்பது நல்லதா?

இன்னொன்றும் உண்டு. வேலை செய்யாத கை மெலிந்து போகும். மெலிந்த கைக்குச் சிறு சுமையும் பெரிய சுமையாகும். என்றைக்காவது ஒரு நாள் கடைப் பையைத் தூக்கினால்கூட அந்தக் கை நொந்துபோகும். காப்பாற்ற நினைத்துக் கையை நாமே கெடுத்துக்கொள்கிறோமோ?

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. செய்து பார்க்க வேண்டும்! “செய்யாதே” என்று எதைச் சொன்னார்களோ, அதையே செய்து பார்க்க வேண்டும். தோளுக்கும் கைக்கும் ஓயாமல் வேலை கொடுக்கும் பயிற்சி ஒன்று வேண்டும்.

அவர் டிராகன் படகைத் தேர்ந்தெடுத்தார்.

டிராகன் படகு

கேரளத்துப் பாம்புப் படகுப் போட்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிராகன் படகும் அதைப் போல நீண்ட படகுதான். பிறந்த இடம் சீனா. முன்பக்கத்தில் டிராகனின் தலை இருக்கும். டிராகன் என்பது சீனர்களின் கதைகளில் வரும் மிருகம். பாம்பு போன்ற உடல், தலையிலே கொம்பு.

பழங்காலச் சீனாவில் சூ யுவான் என்ற கவிஞர் இருந்தார். நாட்டின் கதியை நினைத்து மனம் உடைந்து, அவர் ஆற்றில் குதித்து உயிரை விட்டார். அவரைக் காப்பாற்ற மக்கள் படகுகளில் விரைந்தார்கள். மீன்கள் அவர் உடலைத் தின்றுவிடாதபடி மேளம் அடித்து விரட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதன் நினைவாகவே சீனர்கள் தங்கள் ஐந்தாம் மாதத்தின் ஐந்தாம் நாளில் படகுப் போட்டி நடத்துகிறார்கள்.

வான்கூவரில் சீனர்கள் அதிகம். 1986-ல் அங்கே நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஹாங்காங்கிலிருந்து டிராகன் படகுகள் வந்தன. அன்று முதல் அந்த நகரத்தில் இந்தப் போட்டி வேரூன்றிவிட்டது.

ஒரு படகில் 20 பேர் துடுப்புப் போடுவார்கள். இரண்டிரண்டு பேராகப் பத்து வரிசை. முன்னால் ஒருவர் மேளம் அடிப்பார். பின்னால் ஒருவர் நின்று படகைத் திருப்புவார். மேளத்தின் தாளத்துக்கு 20 துடுப்புகளும் ஒன்றாக நீரில் இறங்க வேண்டும். ஒன்றாக எழ வேண்டும். ஒருவர் பிசகினாலும் படகின் ஓட்டம் கெடும்.

துணிந்தவர்கள்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்கள் முன்வந்தார்கள். அவர்கள் பந்தய வீராங்கனைகள் அல்ல. பல வயதினர், பல வேலைகளில் இருந்தவர்கள்.

அவர்கள் செய்தது சின்னக் காரியமா? எண்ணிப் பாருங்கள். டாக்டரின் எண்ணம் தவறாக இருந்தால் யாருடைய கை வீங்கும்? டாக்டருடைய கை அல்ல. அந்தப் பெண்களுடைய கை! அந்த வீக்கம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். அது தெரிந்துதான் அவர்கள் வந்தார்கள்.

டாக்டர் அவசரப்படவில்லை. எடுத்த எடுப்பில் அவர்களைப் படகில் ஏற்றிவிடவில்லை. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுத்தார். குறைந்த எடையில் ஆரம்பித்து, உடம்பு பழகப் பழகச் சிறிது சிறிதாகக் கூட்டினார். கைகளின் சுற்றளவை அளந்து குறித்துக்கொண்டார்கள். தசைகள் வலுவான பிறகே துடுப்பைக் கையில் கொடுத்தார்.

பெண்கள் தங்கள் குழுவுக்கு “அப்ரெஸ்ட் இன் எ போட்” என்று பெயர் வைத்தார்கள். படகில் பக்கத்தில் பக்கமாக அமர்ந்திருப்பவர்கள் என்பது அதன் பொருள். மார்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. வெளியே சொல்லக் கூசும் நோயை, அவர்கள் சிரித்துக்கொண்டே படகின் பெயராக்கிவிட்டார்கள்!

1996 ஜூனில் வான்கூவர் திருவிழாவில் மற்றக் குழுக்களோடு அவர்களும் போட்டியில் கலந்துகொண்டார்கள்.

முடிவு என்ன?

ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. முன்பே வீக்கம் இருந்தவர்களுக்கு அது அதிகமாகவும் இல்லை!

டாக்டர் மெக்கன்சி இதை எழுதி, 1998-ல் கனடா மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்.

சோதனை முடிந்தது. பெண்கள் துடுப்பைக் கீழே வைத்தார்களா? இல்லை! அடுத்த ஆண்டும் வந்தார்கள். புதியவர்களையும் அழைத்து வந்தார்கள்.

நாடெங்கும் படகுகள்

கனடாவில் மற்ற நகரங்களிலும் இப்படிக் குழுக்கள் தோன்றின. பிறகு ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பரவின. நம்மவர்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்கூட இத்தகைய குழுக்கள் உண்டு.

2010-ல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து ஒரு சர்வதேச அமைப்பை ஏற்படுத்தின. 2014-ல் அமெரிக்காவின் சாரசோட்டா நகரிலும், 2018-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலும், 2023-ல் நியூசிலாந்தின் கராபிரோ ஏரியிலும் பெரிய விழாக்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் இளஞ்சிவப்பு உடையில் வந்து துடுப்புப் போட்டார்கள்.

இந்த விழாக்களில் ஒரு சடங்கு உண்டு. போட்டி முடிந்ததும் படகுகள் எல்லாம் பக்கத்தில் பக்கமாக வந்து நிற்கும். மேளம் ஓயும். ஒவ்வொரு பெண்ணும் கையில் ஓர் இளஞ்சிவப்புப் பூவை ஏந்தியிருப்பாள். அதை எல்லோரும் தண்ணீரில் விடுவார்கள். நோய்க்கு இரையாகிவிட்ட தோழிகளுக்கு அது அஞ்சலி.

ஆம். துடுப்புப் போட்ட எல்லோரும் பிழைத்துவிடவில்லை. துடுப்பு, புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. மீதி இருக்கும் நாட்களை முடங்கிக் கிடந்து கழிக்க வேண்டியதில்லை என்பதே அந்தப் பெண்கள் காட்டிய வழி.

பெரிய சோதனை

24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. “அவர்கள் மன உறுதி மிக்கவர்கள். மற்றவர்களுக்கு இது பொருந்துமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அதற்கு விடை தேடினார். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை அவர் சேர்த்தார். சீட்டுக் குலுக்குவது போல அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினர் வாரத்துக்கு 2 முறை எடை தூக்கிப் பயிற்சி செய்தார்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். வீங்கிய கையில் இறுக்கமான உறை போட்டுக்கொண்டார்கள். மற்றப் பிரிவினர் எடை தூக்கவில்லை.

ஓராண்டு ஆயிற்று. முடிவு 2009-ல் வெளிவந்தது. எடை தூக்காதவர்களில் 100-க்கு 29 பேருக்கு வீக்கத்தின் தொல்லை முற்றியிருந்தது. எடை தூக்கியவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் அப்படி ஆயிற்று. அதாவது பாதி!

அடுத்து, வீக்கம் இல்லாத 154 பெண்களை வைத்து இன்னொரு சோதனை செய்தார். 2010-ல் அதன் முடிவு வந்தது. எடை தூக்கியவர்களில் 100-க்கு 11 பேருக்கு வீக்கம் வந்தது. தூக்காதவர்களில் 17 பேருக்கு வந்தது. பயிற்சியால் வீக்கம் அதிகமாகும் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போயிற்று.

நடந்தால் நன்மை

படகுக்கும் எடைக்கும் எங்கே போவது என்று கேட்கிறீர்களா? கால் இருக்கிறதே!

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 நர்சுகளைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். அந்த ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது. வாரத்துக்கு 3 மணி முதல் 5 மணி நேரம் வரை சாதாரண வேகத்தில் நடப்பதற்குச் சமமான பயிற்சி செய்தவர்கள், அனேகமாக நடக்காமலே இருந்தவர்களைவிட அந்த நோயால் இறந்தது குறைவு. ஏறக்குறையப் பாதி!

ஒன்றை மறந்துவிடக்கூடாது. உடம்பில் தெம்பு இருப்பவர்கள்தான் நடக்கவும் முடியும். ஆகவே நடையால் மட்டுமே ஆயுள் நீண்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நடப்பதால் சோர்வு குறைகிறது, தூக்கம் வருகிறது, மனம் தெளிகிறது. நஷ்டம் ஒன்றும் இல்லை. தினம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். அவ்வளவு போதும்.

அதிசய உணவு உண்டா?

“இந்தக் கீரையைத் தின்றால் நோய் திரும்பாது”, “அந்தச் சாற்றைக் குடித்தால் புற்று கரையும்” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

அமெரிக்காவில் 3,088 பெண்களை வைத்து இதையும் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் காய்கறி, பழம், காய்கறிச் சாறு ஆகியவற்றை மிக மிக அதிகமாகச் சாப்பிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான நல்ல உணவுக்கான யோசனை மட்டும் கூறப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், இரண்டு பிரிவிலும் நோய் திரும்பியவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு! 2007-ல் இந்த முடிவு வெளிவந்தது.

அப்படியானால் காய்கறி வேண்டாமா? வேண்டும்! பருப்பு, காய், கீரை, பழம் எல்லாம் உடம்புக்கு நல்லவை. அளவோடு சாப்பிட்டு உடல் பருமன் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுவும் புகையிலையும் கூடாது. அதற்கு மேல் அதிசய உணவு எதுவும் கிடையாது.

கவனிக்க வேண்டியவை

சிகிச்சை முடிந்த பெண்கள் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

1. ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது, எந்தப் பயிற்சியைத் தொடங்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எலும்பில் நோய் பரவியிருந்தால் சில பயிற்சிகள் ஆகாது.

2. சிறிதாகத் தொடங்குங்கள். மெல்லக் கூட்டுங்கள். வான்கூவர் பெண்களின் வெற்றிக்கு இதுதான் ரகசியம். பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரே நாளில் முழுக் குடத்தைத் தூக்கக்கூடாது.

3. வளையல், மோதிரம், ரவிக்கையின் கை இறுகினாலும், கை கனத்தாலும் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால் அடக்குவது சுலபம்.

4. அந்தக் கையில் கத்தி பட்டாலும், முள் குத்தினாலும், சுட்டுக்கொண்டாலும் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமாக வையுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. டாக்டர் குறித்த தேதியில் பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். கொடுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். நடையும் பயிற்சியும் மருந்துக்குத் துணைதான்; மருந்துக்குப் பதில் அல்ல.

வீட்டில் உள்ளவர்களுக்கு

சில வீடுகளில் அன்பு அதிகம். “நீ ஒன்றும் செய்யாதே, சும்மா படுத்திரு” என்று சொல்லி, ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடமாட்டார்கள். நாள் செல்லச் செல்ல, அந்தப் பெண் தன்னையே ஒரு நோயாளியாக மட்டும் நினைக்கத் தொடங்கிவிடுவாள்.

வேறு சில வீடுகளில் நேர் எதிர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே எல்லா வேலையும் அவள் தலையில்தான் விழும்.

இரண்டும் தவறு. காயம் ஆறும் வரை கைக்கு ஓய்வு வேண்டும். ஆறிய பிறகு, டாக்டர் சொல்கிறபடி அளவாக வேலை வேண்டும்.

வான்கூவரில் அந்தப் பெண்கள் தனியாகத் துடுப்புப் போடவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் இன்னொருவர் இருந்தார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாயோ, மனைவியோ, சகோதரியோ இருந்தால், இன்று மாலை கால் மணி நேரம் அவர் பக்கத்தில் நடந்து போய்விட்டு வாருங்கள். நாளைக்கும் போங்கள்.